மலையில் இடி, கடலோரத்தில் கேமரா: குமரி மாவட்டத்தில் இடிமேகம் படமெடுக்க முழு வழிகாட்டி

இடிமேகம் படமெடுக்க ஆசைப்பட்ட முதல் வருஷம் நான் மேகத்தைத் துரத்தினேன். ஐப்பசி மாதத்து மத்தியானம். நாகர்கோவிலில் சுள்ளென்று வெயில், வடக்கே மலை மட்டும் கருத்துக் கிடந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு பேச்சிப்பாறைக்கு விட்டேன். குலசேகரம் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. போய்ச் சேர்ந்தபோது கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ரப்பர் மரங்களும் ஒரு வெள்ளைத் திரையும்தான். சாயாக்கடை ஒன்றின் கூரைக்கடியில் ஒன்றரை மணி நேரம் நின்று, ரசவடை நாலு தின்றுவிட்டு, ஒரு படம்கூட எடுக்காமல் நனைந்த பையோடு திரும்பினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சங்குத்துறை கடற்கரைக்குக் காற்று வாங்கப் போயிருந்த சிநேகிதன் போனில் ஒரு படம் அனுப்பினான். நான் நனைந்துகொண்டு நின்ற அதே மேகம். அடியில் கருநீல மழைத்தாரை, நடுவில் காலிஃபிளவர் கொத்துபோலக் கொப்பளிக்கும் உடம்பு, தலையில் கொல்லன் உலைக்களத்து அடைகல்லைப்போலத் தட்டையாக விரிந்த உச்சி. இடது பக்கம் முழுக்கப் பொன்வெயில். அவன் கையில் இருந்தது சாதாரணப் போன். வித்தியாசம், அவன் நாற்பது கிலோமீட்டர் தள்ளி நின்றான் என்பது மட்டும்தான்.

அப்போதுதான் விஷயம் மண்டையில் ஏறியது. இந்த மாவட்டத்தில் இடிமேகத்தைப் படமெடுக்க அதன் பக்கத்தில் போகவே வேண்டாம். மாவட்டத்தின் மொத்தப் பரப்பே 1,700 சதுர கிலோமீட்டருக்குள்தான். வடக்கிலும் கிழக்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிப் பகுதி, தெற்கிலும் மேற்கிலும் கடல், நடுவில் வயலும் குளமும் தென்னைவிளையும். மலைமேல் மேகம் கூடும்போது நீங்கள் கடலோரத்தில் உலர்ந்த மணலில் நிற்கலாம். இந்த வசதி தமிழ்நாட்டில் வேறு எந்த மாவட்டத்துக்கும் இவ்வளவு கச்சிதமாக வாய்க்கவில்லை என்பது என் கட்சி.

எந்த மாதம், எந்த நேரம்

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நன்றாகப் பெய்கிற மாவட்டம் இது. ஆனால் எல்லா மழையும் படத்துக்கு ஆகாது.

சித்திரை, வைகாசியில், அதாவது ஏப்ரல், மே மாதங்களில் கோடை இடிமழை. காலையில் நிலம் காய்கிறது. பத்து, பதினொரு மணிக்குக் கடல்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வருகிறது. மலையில் முட்டி மேலே ஏறுகிறது. மதியம் ஒரு மணிக்கு மேல் மலை முகட்டில் மேகம் கொப்பளிக்கத் தொடங்கும். இந்தக் காலத்து மேகம் பெரும்பாலும் மெதுவாக நகரும், பல நாள் மலையிலேயே பெய்து தீர்ந்துவிடும். கடலோரத்தில் இருந்து முழு உருவத்தையும் எடுக்க நல்லது.

ஜூன் தொடக்கம் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காலம். வானம் முழுக்கச் சாம்பல் போர்வை, விட்டுவிட்டுச் சாரல். மேகம் பரந்து கிடக்குமே தவிர உயர்ந்து வளர்வது குறைவு, அதனால் இடி மின்னலும் குறைவு. மின்னல் வேண்டுமென்றால் இந்த நான்கு மாதம் பேசாமல் இருங்கள். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிய்த்துக்கொண்டு போகும்போது மேகங்கள் மலை முதுகில் வழிந்து இறங்கும் காட்சி இந்தக் காலத்துக்கே உரியது. அதற்காக ஒருநாள் ஒதுக்கலாம்.

அக்டோபர், நவம்பர்தான் நம் காலம். மலையாளத்தில் துலாவர்ஷம் என்பார்கள், நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. மேல்காற்று கிழக்கில் இருந்து மேற்காக வீசும். மதியம் மலையில் உருவாகும் மேகம் அந்தக் காற்றோடு மேற்கே நகர்ந்து, மாவட்டத்தின் மேற்குத் தாலுகாக்களான கல்குளம், விளவங்கோடு பக்கமாகக் கடந்து, சாயங்காலம் அரபிக் கடலுக்கு மேல் போய்விடும். இந்த ஒரு பாதையை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மூன்று மணிக்கு மேகம் உங்களுக்கு வடக்கே, சூரியன் இடது கைப்பக்கம். ஆறு மணியை ஒட்டிச் சூரியன் இறங்கும்போது மேகம் கடல்மேல், சூரியன் அதற்குப் பின்னால். ராத்திரி ஏழு மணிக்கு அதே மேகம் கடலில் மின்னிக்கொண்டிருக்கும். ஒரே மேகத்தில் மூன்று வகைப் படம்.

இன்னொரு நேரமும் உண்டு, பலருக்குத் தெரியாது. விடியலுக்கு முன், நாலு மணி முதல் ஆறு மணி வரை. ராத்திரி நிலம் குளிர்ந்து கரைக்காற்று கடலுக்கு வீசும், கடல்நீரோ வெதுவெதுப்பாகவே இருக்கும். அதனால் மன்னார் வளைகுடாப் பக்கம் கடலுக்கு மேல் மேகம் வளரும். கன்னியாகுமரியிலோ வட்டக்கோட்டையிலோ நின்றால் கீழ்வானில் சத்தமே இல்லாமல் மின்னிக்கொண்டிருக்கும். சத்தம் இல்லை என்றால் தூரம் அதிகம் என்று அர்த்தம். படமெடுக்க அதைவிட நல்ல மின்னல் கிடையாது.

அன்று காலை என்ன பார்ப்பது

நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பு. இங்கே ஒரு தலைகீழ் கணக்கு உண்டு: ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை உள்ள நாளில் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். மாவட்டம் முழுக்க மழை பெய்யும் நாளில் மேகத்துக்கு உருவமே இருக்காது, ஆபத்து மட்டும்தான் இருக்கும். ‘ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் லேசானது முதல் மிதமான மழை’ என்ற வாக்கியம்தான் நமக்கு வேண்டியது. மேகம் தனித்தனியாக நிற்கும், நடுவில் வெயில் புகும்.

அடுத்து இன்சாட் செயற்கைக்கோள் படம். மதியம் வரை இரண்டு மூன்று தடவை பாருங்கள். மலைமேல் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றி, அடுத்த படத்தில் அது விரிந்திருந்தால் கிளம்பலாம். திருவனந்தபுரம் ரேடார் படம் நம் மாவட்டத்தையும் காட்டும். மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி போனில் கட்டாயம் இருக்க வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் வட்டத்தில் மின்னல் விழுகிறதா என்று காட்டும்.

அப்புறம் கண். எந்தச் செயலியையும்விட அது முந்திச் சொல்லும். மலைமேல் கொப்பளிக்கும் மேகத்தின் விளிம்பு கத்தரித்த மாதிரிக் கூர்மையாக இருக்கிறதா, வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த உச்சி திடீரென்று பஞ்சு பிய்த்தது போல மங்கி நார்நாராக ஆகிறதா, மேலே நீர்த்துளிகள் பனித்துகள் ஆகிவிட்டன. இனி அது முழு இடிமேகம். கொஞ்ச நேரத்தில் தலை தட்டையாக விரியும். நம் பக்கத்து இடிமேகத்தின் உச்சி சாதாரணமாகவே 14, 15 கிலோமீட்டர் உயரம் போகும். மகேந்திரகிரி 1,600 மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய மலை. அப்படியானால் அது மேகத்தின் முழங்காலுக்குக்கூட வராது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தள்ளி நிற்பது

இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டால் எந்த லென்ஸ் என்ற குழப்பம் போய்விடும். 14 கிலோமீட்டர் உயர மேகம் 30 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் தரையில் இருந்து அதன் உச்சி சுமார் 25 பாகை உயரத்தில் தெரியும். முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம்) கேமராவைப் படுக்கையாக வைத்தால் 35 மி.மீ. லென்ஸ் மேலும் கீழுமாக 38 பாகை பிடிக்கும். மேகம் முழுசாக அடங்கி, கீழே வயலுக்கும் தண்ணீருக்கும் இடம் மிஞ்சும். 15 கிலோமீட்டர் என்றால் 43 பாகை, 24 மி.மீ. வேண்டும். 8 கிலோமீட்டர் என்றால் 60 பாகை, 14 மி.மீ. போட்டால்தான் நிம்மதி, ஆனால் அந்தத் தூரத்தில் நீங்கள் படமெடுத்துக்கொண்டு நிற்கக் கூடாது. விடியலில் கடல்மேல் 60 கிலோமீட்டர் தள்ளித் தெரியும் மேகத்துக்கு 85 மி.மீ. அழகாக உட்காரும். சின்ன சென்சார் கேமரா என்றால் இந்த எண்களை ஒன்றரையால் வகுத்துக்கொள்ளுங்கள்.

அகல லென்ஸ் வாங்கினால்தான் புயல் படம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். என் நல்ல படங்களில் பெரும்பாலானவை 35இலும் 50இலும் எடுத்தவை. பெட்டியோடு வந்த பழைய லென்ஸே போதும்.

எங்கே நிற்பது

தேரூர், சுசீந்திரம் பகுதிதான் என் முதல் தேர்வு. அக்டோபரில் கும்பப்பூ, அதாவது இரண்டாம் போக நெல் நடவு நேரம். நாற்று நட்ட வயலில் தண்ணீர் கட்டிக் கிடக்கும், மலையும் மேகமும் அதில் தலைகீழாக விழும். தேரூர் குளத்தங்கரையில் இருந்து வடக்கே பார்த்தால் தோவாளைப் பக்கத்து மலைகள். சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலின் 134 அடி ராஜகோபுரத்தைச் சுற்று வயல்களில் இருந்து நீள லென்ஸில் எடுத்தால், பின்னால் நிற்கும் கருமேகத்தில் வெள்ளையாகத் துலங்கும். நாற்று நட்ட வயலுக்குள் காலை வைக்காதீர்கள். வரப்பு அறுந்தால் அடுத்தவர் பாடு. குளத்துப் பறவைகளையும் கலைக்க வேண்டாம். இடி காதில் கேட்கத் தொடங்கினால் இந்த இடம் உடனே கெட்ட இடம் ஆகிவிடும், ஏனென்றால் வெட்டவெளியில் உயரமானது நீங்கள்தான்.

மணக்குடி. பழையாறு கடலில் சேரும் காயல், இரண்டு கரையிலும் தென்னை, பாலம். மலை இங்கிருந்து முப்பது கிலோமீட்டர், மேலே போட்ட கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. சாயங்கால வெயில் மேகத்தின் இடது பக்கத்தில் படும்போது அதன் ஒவ்வொரு திரட்சியும் தனித்தனியாகத் தெரியும். நேரே முகத்தில் அடிக்கும் வெயிலைவிட இந்தப் பக்கவாட்டு வெயில்தான் மேகத்துக்கு உடம்பு கொடுக்கிறது. சங்குத்துறை, சொத்தவிளை இரண்டுக்கும் இதே கணக்கு. அங்கே காயல் கிடையாது, மணல் உண்டு.

முட்டம், மேகம் கடல்மேல் போன பிறகு. கலங்கரை விளக்கமும் பாறைகளும் முன்னணியில், பின்னால் குளச்சல் பக்கத்துக் கடலில் மழைத்தாரை, அதற்குப் பின்னே அஸ்தமனம். எடுப்பது பாறைமேல் ஏறி அல்ல, மேலே வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்து. ஒருநாள் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கப் பார்த்தேன். வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: “மக்ளே, இடி வெட்டுகு. அந்த மூணுகால் கம்பிய மடக்கிட்டுக் காருக்குள்ள இரி.” இந்த வழிகாட்டி மொத்தத்தையும் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

கன்னியாகுமரி, விடியலுக்கு முன். 133 அடி திருவள்ளுவர் சிலையும் விவேகானந்தர் பாறையும் இருட்டில் உருவமாக நிற்க, பின்னால் மின்னல். கூட்டம் சேர்வதற்குள் நாலரைக்கே இடம் பிடித்துவிடுங்கள். வட்டக்கோட்டையில் கோட்டைக்குள் பார்வை நேரம் உண்டு, விடியலுக்கு உள்ளே விடமாட்டார்கள். வெளியே கடற்கரையில் இருந்து எடுக்கலாம்.

முப்பந்தல் காற்றாலைகள் படத்துக்கு அற்புதம். ஆனால் அந்த வெளியில் காற்றாலைக் கோபுரம்தான் உயரமான பொருள், மின்னல் அதைத் தேடி வரும். தூரத்தில் இருந்து 100 மி.மீ. போட்டு எடுங்கள், அடியில் போய் நிற்காதீர்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலம், மருந்துவாழ்மலை, சிதறால் மலைக்கோவில் மூன்றையும் இடிமேகப் பட்டியலில் இருந்து அடித்துவிடுங்கள். மூன்றுமே உயரம், மூன்றிலும் சட்டென்று இறங்கி ஓட வழியில்லை. பேச்சிப்பாறை, காளிகேசம் பற்றி என் கதையே சாட்சி. காளிகேசம் பக்கம் வனத்துறை அனுமதியும் வேண்டும், மலையில் பெய்தால் ஆறு சொல்லாமல் பெருகும்.

ட்ரோன் வேண்டவே வேண்டாம். மேகத்துக்கு முன்னால் சீறி வரும் குளிர்காற்றில், அதாவது முன்காற்றில், அது நிற்காது. போதாததற்குக் கூடங்குளமும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகமும் எல்லைக்கு அப்பால் பக்கத்திலேயே இருக்கின்றன.

பையில் என்ன

கனமான ட்ரைபாட், கம்பியில்லா ரிமோட் அல்லது இடைவெளி விட்டுத் தானே கிளிக் செய்யும் கருவி, உபரி பேட்டரி இரண்டு, டார்ச். லாட்ஜ் குளியலறையில் கொடுக்கும் பிளாஸ்டிக் தலையுறையை வீசாதீர்கள். கேமராமேல் மாட்ட அதைவிட நல்ல மழையுறை இல்லை. மைக்ரோஃபைபர் துணி குறைந்தது மூன்று. கடலோரத்தில் பத்து நிமிஷத்தில் லென்ஸ் மேல் உப்புப் படலம் படிந்துவிடும். உலர்ந்த துணியால் தேய்த்தால் இழுவிக்கொண்டே போகும். நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் ஒருமுறை, பிறகு உலர்ந்ததால் ஒருமுறை.

ஏசி அறையில் இருந்து நேரே கடற்கரைக்கு வந்தால் லென்ஸ் உள்ளும் புறமும் ஆவி படிந்து மூடிக்கொள்ளும். அரைமணி நேரம் முன்பே பையோடு வராந்தாவில் வைத்துவிடுங்கள். கன்னியாகுமரியில் ஒரு விடியலை இப்படித்தான் முழுசாக இழந்தேன். சிலைக்குப் பின்னால் மின்னல் கிழிக்க, நான் லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பகல் மேகம்: கேமரா அமைப்பு

ரா ஃபைலில், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பில் எடுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, துளை (லென்ஸின் திறப்பு) எஃப்/8, ஷட்டர் 1/125 விநாடியோ அதைவிட வேகமாகவோ. மேகத்தின் வெயில் பட்ட வெள்ளைப் பகுதிதான் அளவுகோல். அது வெளுத்துப் போனால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, இருண்ட அடிப்பகுதியை ஓரளவு தூக்கிவிடலாம். அதனால் கேமரா சொல்வதைவிட மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி) குறைத்து எடுக்கிறேன், வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது சுவரில் முட்டாமல் பார்த்துக்கொள்கிறேன்.

போலரைசர் ஃபில்டர் சூரியனுக்குப் பக்கவாட்டில் நிற்கும் மேகத்தைச் செதுக்கிக் காட்டும். ஆனால் 24 மி.மீ.க்குக் கீழே போட்டால் வானத்தில் ஒரு பக்கம் மட்டும் திட்டுத்திட்டாகக் கருக்கும், கழற்றிவிடுங்கள்.

நேரம் இருந்தால் டைம்லாப்ஸ். 4 விநாடிக்கு ஒரு படம், பத்து நிமிஷத்தில் 150 படம், விநாடிக்கு 25 வீதம் ஓட்டினால் 6 விநாடி காட்சி. சும்மா நிற்பதாகத் தோன்றிய மேகம் பால் பொங்குவது போலப் பொங்குவதை அதில்தான் பார்ப்பீர்கள்.

ராத்திரி மின்னல்

இதில் ஒரு தத்துவத்தைப் புரிந்துகொண்டால் அமைப்பை மனப்பாடம் செய்ய வேண்டாம். மின்னல் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஷட்டர் 5 விநாடி திறந்திருந்தாலும் 25 விநாடி திறந்திருந்தாலும் மின்னல் கொடுக்கும் வெளிச்சம் ஒன்றுதான். ஆகவே மின்னல் எவ்வளவு பிரகாசமாக விழும் என்பதைத் துளையும் ஐஎஸ்ஓவும் முடிவு செய்கின்றன. ஊர் விளக்கு, கடல், வானம் எவ்வளவு தெரியும் என்பதை ஷட்டர் நேரம் முடிவு செய்கிறது. இரண்டையும் தனித்தனிக் குழாயாக நினைத்துத் திருகுங்கள்.

தூரம் 20, 30 கிலோமீட்டர் என்றால் ஐஎஸ்ஓ 200, எஃப்/5.6, 15 முதல் 20 விநாடி. பத்துக் கிலோமீட்டரை நெருங்கினால் ஐஎஸ்ஓ 100, எஃப்/8. மின்னல் கோடு தடித்து வெளுத்துப் போகிறதா, துளையைச் சுருக்குங்கள். ஊர் விளக்கு வெளுத்துப் பரவுகிறதா, நேரத்தைக் குறையுங்கள். நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 4,000 கெல்வின் பக்கம் நிறுத்திவையுங்கள்.

ஃபோகஸ் கையால். ஆட்டோவில் விட்டால் இருட்டில் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். திரையில் பெரிதாக்கி, தூரத்து விளக்கு ஒன்றை ஊசி முனையாக்குங்கள். முட்டத்தில் என்றால் கடலில் நிற்கும் விசைப்படகு விளக்கு, கன்னியாகுமரியில் என்றால் சிலைமேல் விழும் வெளிச்சம், வேறெங்கும் செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கு. பிறகு வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று அணைக்க வேண்டும், அதை அணைக்காமல்தான் நான் பெரிய மின்னலை விட்டேன். நீண்ட நேரப் படத்துக்கு இரைச்சல் குறைப்பு என்று மெனுவில் ஒரு வசதி. 20 விநாடி படமெடுத்தால், அடுத்த 20 விநாடி கேமரா தானாக ஒரு இருட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். நம் கையில் ஒன்றும் ஓடாது. சொத்தவிளையில் அந்த இருபது விநாடிக்குள்தான் அந்த மின்னல் மேகத்தில் இருந்து கடல்வரை ஐந்து கிளையோடு இறங்கியது. பக்கத்தில் நின்றவர் “கிட்டிச்சா?” என்று வேறு கேட்டார்.

எல்லாம் சரியானதும் தொடர் கிளிக் முறையில் வைத்து ரிமோட்டைப் பூட்டிவிடுங்கள். ஒரு படம் முடிந்ததும் இடைவெளி இல்லாமல் அடுத்தது ஓடும். மின்னலைப் பார்த்து அழுத்துவது நடக்காத காரியம். இருநூறு படத்தில் ஆறு தேறினால் நல்ல ராத்திரி.

காற்று அடித்தால் ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கால்களை அகட்டி மணலில் அழுத்தி நட்டு, பையை நடுவில் தொங்கவிடுங்கள். பை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், ஊசலாடினால் அதுவே ஆட்டிவிடும்.

பகல் வெளிச்சத்தில் மின்னல் பிடிப்பது வேறு ஆட்டம். மின்னல் வெளிச்சத்தை உணர்ந்து கேமராவைத் தட்டிவிடும் சென்சார் கருவி கிடைக்கிறது. ஒரு மின்னல் பெரும்பாலும் ஒரே வழியில் பல தடவை பாய்வதால், முதல் பாய்ச்சலைக் கருவி உணர்ந்து அடுத்ததைப் பிடிக்கிறது. கருவி இல்லையென்றால் வெளிச்சத்தைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் போட்டு, எஃப்/11, அரை விநாடி, ஒரு விநாடி என்று தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருங்கள். இருட்டத் தொடங்கும் அந்த இருபது நிமிஷம் இதற்கு ஏற்றது. மேகத்தின் நிறமும் இருக்கும், மின்னலும் விழும்.

போன் மட்டும் இருப்பவர்கள்: ப்ரோ முறை இருந்தால் ஐஎஸ்ஓ 100, 8 விநாடி, ஃபோகஸை மலைப் படத்துக்கு நகர்த்தி, சின்ன ஸ்டாண்டில் வைத்து, 2 விநாடி டைமர். இரவு முறை பல படங்களைச் சேர்த்துச் சராசரி போடுவதால் மின்னலை மங்கலாக்கிவிடக்கூடும், அதை நம்பாதீர்கள். ப்ரோ முறை இல்லையா, 4கே வீடியோ எடுத்துவிட்டு வீட்டில் ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் பாருங்கள். ஒரு சட்டம் 8 மெகாபிக்சல் வரும், தாராளமாகப் போதும்.

எப்போது மூட்டை கட்டுவது

மின்னல் தெரிந்ததில் இருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அப்போதே கிளம்பிவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழித்துத்தான் மறுபடி வெளியே. ‘மழை இன்னும் இங்கே வரவில்லையே’ என்பது காரணம் ஆகாது. மழைத்தாரையை விட்டுப் பத்துக் கிலோமீட்டர் தள்ளி வெயில் அடிக்கும் இடத்திலும் மின்னல் விழும்.

கிளம்புவது என்றால் எங்கே? உறுதியான கட்டடத்துக்குள், அல்லது உலோகக் கூரை உள்ள காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு. நான் முதல் வருஷம் நின்ற சாயாக்கடைக் கூரையும் பேருந்து நிழற்குடையும் மழைக்குத்தான், மின்னலுக்கு அல்ல. தென்னை, பனை மரத்தடி கூடவே கூடாது. பைக்கில் வந்திருந்தால் இந்த முடிவைக் காரில் வந்தவரைவிடப் பதினைந்து நிமிஷம் முந்தி எடுங்கள். ட்ரைபாட் அலுமினியமா கார்பன் ஃபைபரா என்று யோசிக்க வேண்டாம், இரண்டுமே மின்சாரம் கடத்தும். கேமராவை வெளியே ஓடவிட்டுவிட்டு நீங்கள் காருக்குள் இருக்கலாம். கேமரா போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு அடையாளம் சொல்கிறேன், இது இங்கே ரொம்பச் சரியாக வேலை செய்யும். மதியம் முழுக்க அடித்துக்கொண்டிருந்த கடல்காற்று சட்டென்று நின்று, ஒரு புழுக்கம் தட்டும். அதற்குப் பிறகு மலைப் பக்கம் இருந்து குளிர்ந்த காற்று மண்வாசனையோடு முகத்தில் அடித்தால், மேகத்தின் முன்காற்று உங்களைத் தொட்டுவிட்டது. மிச்சம் சில நிமிஷம்தான். அப்போது லென்ஸ் மாற்றாதீர்கள்.

கடலுக்கும் ஒரு கண் வேண்டும். நம் கரையில் கள்ளக்கடல் என்பது வானம் தெளிந்திருக்கும்போதே எங்கோ தூரத்துப் புயலின் பேரலை வந்து ஏறுவது. 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது, கடல் சீற்ற எச்சரிக்கை இருந்த நாளில்தான். கடல் நிலையை முன்னறிவிக்கும் மத்திய அரசு மையமான இன்காய்ஸின் எச்சரிக்கை இருந்தால் அலைக்கும் உங்களுக்கும் நடுவே சாலை இருக்கட்டும்.

புயல் சின்னம் வந்தால் கேமராவுக்கு விடுமுறை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி இந்தக் கரையை உரசிப் போனபோது கடலில் போனவர்களில் பலர் திரும்பவில்லை. கரையில் ஆட்கள் படகை எதிர்பார்த்து நிற்கும் நேரத்தில் அலையை அழகாகப் படமெடுப்பது எனக்கு ஒப்பவில்லை. சாதாரண நாளிலும் மீனவர் குடியிருப்பில் ட்ரைபாட் வைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மேகம் எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்கள் ரேடாரைவிட நன்றாகச் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

படத்தைத் திருத்துவதில் எனக்குச் சில பிடிவாதம் உண்டு. மேகத்தின் வெள்ளையைக் கொஞ்சம் இறக்கு, அடியிருட்டைக் கொஞ்சம் ஏற்று, மூட்டம் நீக்கும் கருவியைக் கால்வாசிக்கு மேல் தள்ளாதே. அதைத் தாண்டினால் மழைமேகம் நிலக்கரிக் குவியல் மாதிரி ஆகிவிடும். இரவுப் படங்களில் ஒரே சட்டத்தில் ட்ரைபாட் அசையாமல் எடுத்த ஐந்தாறு மின்னல்களை, ஒவ்வொன்றிலும் வெளிச்சமானதை மட்டும் எடுக்கும் ‘லைட்டன்’ முறையில் அடுக்கி ஒரே படமாக்கலாம். அழகாக இருக்கும். ஆனால் அடுக்கியது என்று படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள், எத்தனை நிமிஷத்து மின்னல் என்பதையும் சேர்த்து. வேறொரு நாள் எடுத்த மின்னலை வள்ளுவர் தலைமேல் ஒட்டுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

கடைசியாக, எவ்வளவு தூக்கம் வந்தாலும் பையைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவையுங்கள். ட்ரைபாடின் கால்களை முழுக்க நீட்டி நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் உப்பும் மணலும் சேர்ந்து பூட்டைக் கடித்துவிடும். லென்ஸை ஃபேன் காற்றில் அரைமணி நேரம் ஆறவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். ஐப்பசி ஈரத்தில் மறந்து பைக்குள்ளேயே கிடந்த என் பழைய 50 மி.மீ.யில் இப்போதும் ஓரத்தில் சிலந்திவலை மாதிரி ஒரு பூஞ்சை இருக்கிறது. கீழ்வான மின்னலை எடுக்கும்போதெல்லாம் அது படத்தில் லேசாக மங்கலாக எட்டிப் பார்க்கும்.